ஒட்டகம் தரும் பாம்புக்கடி மருந்து... நம்ம ஜி.ஹெச்.சுக்கு வருமா?

ஒட்டகத்துக்கும் பாம்புக்கடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. அதுவும் பாகூர், வில்லியனூர் பக்கத்து வயல் வரப்பில் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு கோரிமேடு ஜிப்மருக்கு ஓடுகிற நம் புதுச்சேரிக்காரர்களுக்கு நிறையவே இருக்கிறது!

இப்போதுள்ள மருந்து எப்படித் தயாராகிறது தெரியுமா? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்... இந்த நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அதை எதிர்க்க குதிரையின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் உருவாகும். அவற்றைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து ரெடி. 1890-களில் இந்த வழியைக் காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு டாக்டர் ஆல்பெர் கால்மெத். குழந்தை பிறந்ததும் போடுகிறோமே பி.சி.ஜி. ஊசி, அதில் வரும் 'சி' இவர்தான்!

இத்தனை வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை. உயிரைக் காப்பாற்றுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் குதிரைப் புரதம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல், பிரஷர் இறங்குவது என்று அலர்ஜி படுத்தி எடுத்துவிடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. போதுமா இந்தப் பழைய மருந்து?

இங்கேதான் ஒட்டகம் வருகிறது. நம் ஆன்டிபாடியில் பெரிய சங்கிலி இரண்டு, சின்னச் சங்கிலி இரண்டு. ஒட்டகத்திடம் சின்னச் சங்கிலியே இல்லாத ஒரு வகையும் இருப்பதை பிரஸ்ஸல்ஸ் விஞ்ஞானிகள் 1993-ல் வெளியிட்டார்கள். அதன் நுனித்துண்டுக்குப் பெயர் நானோபாடி. சாதாரண ஆன்டிபாடியில் பத்தில் ஒரு பங்கு எடைதான். சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

விஷம் ஏற்றிய ஒட்டகத்தின் ரத்த அணுக்களிலிருந்து இந்தத் துண்டுகளுக்கான மரபணுக்களை மொத்தமாக எடுத்துச் சேர்த்து வைப்பதைத்தான் 'லைப்ரரி' என்கிறார்கள். கோடிக்கணக்கில் புத்தகங்கள்! விஷத்தைக் கெட்டியாகப் பிடிக்கிறவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்துவிட்டால் போதும். பிறகு பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வேண்டிய அளவு தயாரிக்கலாம். ஒவ்வொரு தடவையும் குதிரையைக் குத்த வேண்டியதில்லை.

வெறும் கனவல்ல இது. ஒட்டகத்தின் உறவுக்காரர்களான லாமா, அல்பாகா மூலம் இப்படித் தேர்ந்தெடுத்த எட்டு நானோபாடிகளின் கலவை, ஆப்பிரிக்காவின் 18 வகைப் பாம்புகளில் 17-ன் விஷத்திலிருந்து எலிகளைக் காப்பாற்றியதாக 2025-ல் டென்மார்க் குழு அறிவித்தது. மனிதர்களிடம் இனிமேல்தான் சோதிக்க வேண்டும். சின்னத் துண்டு என்பதால் சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் வெளியேறிவிடும் என்ற சிக்கலும் உண்டு.

ஆனால் அது ஆப்பிரிக்கப் பாம்புக்கான மருந்து. நம்ம ஊர் விரியனுக்கு யார் செய்வது?

நம்மிடம் என்ன இல்லை? பிகானேரில் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சுருட்டை விரியன் விஷத்துக்கு ஒட்டக ஆன்டிபாடியை அங்கே ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கம், விஷம் எடுப்பதில் கைதேர்ந்தது. தீவிர சிகிச்சைக்கு ஜிப்மர் மாதிரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இவற்றை ஒரே கயிற்றில் கட்ட வேண்டியது அரசாங்கம்தான். கம்பெனிகள் செய்யட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? ஓர் அபூர்வ ரத்த நோய்க்கு 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற முதல் நானோபாடி மருந்தின் விலை லட்சக்கணக்கில்! பாம்பு கடிப்பது களை பறிக்கிற கூலிக்காரரை. அவருக்கு ஜி.ஹெச்.சில் இலவசமாகக் கிடைக்காத மருந்து, இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

சீக்கிரம் செய்ய வேண்டும். 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஒட்டகங்கள் இரண்டரை லட்சம்தான். ஏழே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

அதுவரை? கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்காகக் காத்திருக்காதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்றைக்கு உயிர் காப்பது அந்தக் குதிரை மருந்துதான்!