மானியத்தைப் பறித்துவிட்டு ஜாமீனைக் காட்டுவதா?

சிறுதொழில்கள் இயந்திரங்களைப் புதுப்பிக்கத் தரப்பட்டுவந்த 15 சதவீத மூலதன மானியத்தை 2020 மார்ச் 31-உடன் முடித்துக்கொண்ட மத்திய ஆட்சியாளர்கள், பொதுப்பிரிவுத் தொழில்முனைவோருக்கு அதற்கு ஈடாக எதையும் தரவில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 25 சதவீத மானியம் தொடர்வது நியாயமே. மற்றவர்கள் கேட்டால், கடன் உத்தரவாதம் இருக்கிறதே என்கிறார்கள். கோவையில் பிறருக்குக் கூலிக்குப் பாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு இது பதிலாகாது.

புதிய இயந்திரம் ஏன் தேவை? மூன்று அச்சு வி.எம்.சி. இயந்திரத்தில் பல முகங்கள் கொண்ட ஒரு பாகத்தைச் செய்ய, ஒவ்வொரு முகத்துக்கும் கழற்றி, திருப்பி, மறுபடி செட்டிங் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவு சில மைக்ரான்கள் நகரும். பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரின் செலவும் நேரமும் கூடும். ஐந்து அச்சு சி.என்.சி.யில் இரண்டு சுழலும் அச்சுகள் சேர்வதால், ஒரே பிடிப்பில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். முறுக்கிய இறக்கைகள் கொண்ட இம்பெல்லரை முழு உலோகத்திலிருந்து கடைந்தெடுக்கவும் இந்த இயந்திரம்தான் வேண்டும். விமான, பாதுகாப்புத் துறை ஆர்டர்கள் கேட்கும் துல்லியம் இதுவே. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்றாகக் கோவையை அறிவித்துவிட்டு, அந்த வேலைக்கான இயந்திரம் வாங்கும் உதவியை மறுத்ததில் என்ன தர்க்கம் இருக்கிறது?

2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற உத்தரவாதத் திட்டம், இயந்திரம் வாங்கும் 100 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 60 சதவீதம் பொறுப்பேற்கிறது. யாருக்கு? கடன் கொடுத்தவருக்கு. பட்டறைக்காரரின் அசலில் ஒரு ரூபாயும் குறையாது. வட்டியும் தவணையும் அப்படியே நிற்கும். நல்ல ஐந்து அச்சு இயந்திரம் ஒரு கோடியைச் சுலபமாகத் தாண்டும். மென்பொருள், டூலிங், புரோகிராம் எழுதத் தெரிந்த ஆள் என்று செலவு அதற்கு மேலும் நீளும். முதல் மாதங்கள் சோதனைப் பாகங்களிலேயே கழியும். தவணை அதற்காகக் காத்திருக்காது. பழைய மானியத்தின் 15 லட்சம் இந்த இடைவெளியைத்தான் தாங்கியது. அதிலும் ஒரு கோடிக் கடன் என்ற உச்சவரம்பு 2005-இல் போட்டது, கடைசிவரை உயர்த்தப்படவில்லை. மானியம் கொடுத்தால் விலையை ஏற்றிக் காட்டுவார்கள், இயந்திரம் சும்மா கிடக்கும் என்பது ஒரு வாதம். நடக்கக்கூடியதுதான். இயந்திரம் ஓடுவதைச் சரிபார்த்துத் தவணையாக மானியம் விடுவிக்க வழி உண்டு. கண்காணிக்கத் தெரியாதவர்கள் திட்டத்தையே மூடியதை நிர்வாகம் என்று ஏற்க முடியாது.

இதே கைகள் இந்தப் பட்டறைகளை அலைக்கழிப்பது புதிதல்ல. 2017-இல் பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். எதிர்ப்புக்குப் பின் 2019 அக்டோபரில் 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில், வரிச்சலுகைத் திருவிழா என்று ஊரெங்கும் சொன்ன அதே நாளில், மீண்டும் 18-க்குக் கொண்டுபோனார்கள். வேலை கொடுத்த நிறுவனம் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பது சரிதான். ஆனால் அந்த நிறுவனம் கூலியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது, கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டுவது பட்டறைக்காரர்தானே? ஏறி இறங்கி மறுபடி ஏறும் வரி விகிதம், பாதியில் மூடப்படும் திட்டம் என்றால், ஏழு ஆண்டுக் கடனில் இயந்திரம் வாங்க யார் துணிவார்?

மானியம் திரும்ப வேண்டும், இன்றைய இயந்திர விலைக்கு ஏற்ற உச்சவரம்போடு. அதன் வடிவத்தைப் பட்டறைகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை கடன் உத்தரவாதத்தை நவீனமயமாக்கல் உதவி என்று மேடைகளில் சொல்வதையாவது நிறுத்துங்கள்.