பெயர் தெரியாத செடியைப் பிடுங்காதீர்கள்

பெரிய காஞ்சிபுரத்தில் பழைய நெசவாளர் வீடு ஒன்று கைமாறினால், தறி போட்ட கூடத்தோடு கிணறும் கொல்லையும் சேர்ந்தே கைக்கு வரும். கிரயம் முடிந்ததும் வாங்கியவர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் கொல்லையைச் சுத்தம் செய்வதுதான். ஆளை விட்டுக் கொத்தியோ ஜேசிபியைக் கூப்பிட்டோ ஒரே நாளில் மண்ணை வழித்துவிடுகிறோம். பத்திரத்தில் மாவடை, மரவடை என்று எழுதி வாங்குகிறோம். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைத் தல விருட்சமாக வணங்கும் ஊர் என்பதால் மரத்தில் கை வைக்கவும் கொஞ்சம் யோசிக்கிறோம். கொடிக்கும் கிழங்குக்கும் வேருக்கும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. புதிதாக வாங்கிய கொல்லையை ஓராண்டாவது கிளறாமல் விட்டு, அங்கே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எதையும் களைய வேண்டும்.

ஓராண்டு என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டு வாழும் செடிகளில் பல, வருடம் முழுவதும் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மழைக்காலத்தில் முளைத்து, ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, பிறகு தண்டும் இலையும் காய்ந்து மறைந்துவிடும். கோடையில் அந்த இடம் வெறும் தரை. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பொங்கலுக்குப் பச்சையாக நிற்கும் மஞ்சளும் அதன்பின் இலை காய்ந்து அடங்கிவிடும். சித்திரையில் வீடு வாங்கியவர் கண்ணுக்கு இரண்டுமே இல்லை. ஒன்றும் இல்லாத இடம் என்று நினைத்து அவர் கொத்தும் இடத்தில்தான், முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் வைத்து வளர்த்தவை கிடக்கின்றன.

தெரிந்துகொள்வது காப்பாற்றுவதற்கு மட்டுமல்ல, பிழைத்திருப்பதற்கும் வேண்டும். செங்காந்தளின் கிழங்கில் கால்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. வேலியில் படரும் குன்றிமணியின் இலை பார்வைக்குப் புளிய இலையை ஒத்திருக்கும். அதன் விதையோ நஞ்சு. சரியாகப் பார்த்தால் ஒவ்வொரு செடியும் தன் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும். செங்காந்தளின் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொம்பைப் பிடிக்கும். நன்னாரி கம்பி போல் மெலிந்த கொடி. ஒரே கொடியில் ஊசி போன்ற இலையும் அகன்ற இலையும் இருக்கலாம். நடு நரம்பை ஒட்டி வெளிறிய கோடு ஓடும். கிள்ளினால் பால் வரும். வேரைக் கீறினால் மணம் தூக்கும். மந்தாரை இலை இரண்டாகப் பிளந்து மாட்டுக் குளம்பு போல் இருக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்கு அடியில் விரிப்பது இந்த இலையைத்தான். அதைத் தெரியாதவர் குப்பைச் செடி என்று வெட்டுவார்.

கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் வந்துவிடுகிறதே, ஓராண்டு எதற்கு என்று கேட்கலாம். பூவும் காயும் இருக்கும்போது அந்தச் செயலிகள் நன்றாகவே உதவுகின்றன. வெறும் இலையைக் காட்டினால் நான்கைந்து பெயர்களை அடுக்கும். மண்ணுக்குள் இருப்பதை எந்தக் கேமராவும் காட்டாது. புதர் மண்டினால் பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தரைக்கு மேலே கழித்துவிட்டு, நடைபாதையையும் கிணற்றடியையும் வெட்டவெளியாக வைத்தால் போதும். வேரைத் தோண்ட வேண்டியதில்லை. சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் அடையாளம் தெரிந்தவை, அவற்றை அன்றைக்கே பிடுங்கலாம். நன்னாரியும் மஞ்சளும் கடையில் கிடைக்காதா என்றால், கிடைக்கும். கடையில் வாங்குவது காய்ந்த வேர். கொல்லையில் இருப்பதோ, பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலும் காஞ்சிபுரத்து வெயிலைத் தாங்கி நின்ற உயிர். அதை அழித்துவிட்டு நர்சரியில் செடி வாங்கி வைத்து, தினமும் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில் என்ன லாபம்?

செய்ய வேண்டியது எளிது. பூத்த கிளை ஒன்றைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, தேதியையும் இடத்தையும் எழுதி வைக்கலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகமும் இப்படிக் காய்ந்த மாதிரிகளை வைத்தே தமிழ்நாட்டுத் தாவரங்களுக்குக் கணக்கு வைத்திருக்கின்றன. அதற்கும் முன்னால், வீட்டை விற்றவரிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் கேட்க வேண்டும். காஞ்சிபுரம் மாநகராட்சி, கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்களையும் சித்த மருத்துவர்களையும் கூட்டி மாதம் ஒரு நாள் பூங்காவில் செடி அடையாள முகாம் நடத்தினால், ஊரே பயன்பெறும். வில்லங்கம் பார்க்காமல் வீடு வாங்காத நாம், செடி இன்னதென்று பார்க்காமல் அதை வெட்டவும் கூடாது.