இருமல் எங்கிருந்து வந்தது?

சென்ற மார்கழியில் நம்மை ஒரு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. பகலில் பேச விடாது. இரவில் தூங்க விடாது. பனிக்காற்றின் மீது பழியைப் போட்டோம். சுக்குக் கஷாயம் குடித்தோம். அதிமதுரத்தை வாயில் அடக்கிப் பார்த்தோம். இருமல் அசையவில்லை.

ஒரு நாள், மாத்திரையோடு வந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் படித்தோம். குற்றவாளி நம் மருந்துப் பெட்டியிலேயே இருந்தான்! இருதயத்துக்காக நாம் தினந்தோறும் விழுங்கிவந்த எனாலப்ரில்தான் அவன். அவனுடைய குலத்தின் வரலாறு விந்தையானது. பிரேஸில் தேசத்து விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது, 1981-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற காப்டோப்ரில். எனாலப்ரில் அதன் தம்பி. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் சுமையைக் குறைக்கும் இம்மருந்து, பிராடிகைனின் என்னும் பொருளை உடலில் தேங்கவும் விடுகிறது. சிலருக்கு இருமல் உண்டாவது அதனாலேயே என்பர்.

மாத்திரையை எறிந்துவிடலாமா என்று தோன்றிற்று. நண்பர் ஒருவர், "மருதம்பட்டைக் கஷாயம் போதுமே!" என்றார். நல்ல வேளையாக, முதலில் டாக்டரைக் கண்டோம். "மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், இருதயமல்லவா பதில் சொல்லவேண்டும்?" என்று கூறி, அவர் லோஸார்ட்டனுக்கு மாற்றினார். அது வேறு வழியில் அதே பணியைச் செய்வது. மூன்று வாரங்களில் இருமல் ஓய்ந்தது.

உபத்திரவத்தை மௌனமாகச் சகிப்பதும் பிசகு. மருந்தைத் தாமே நிறுத்துவதும் பிசகு. வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலும் மாற்று உண்டு. முகமோ உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.