காயாத கருவாடும் ஓடும் கால்களும்



மழைக்காலத்தில் வடசென்னையின் காசிமேடு பக்கம் போயிருக்கிறீர்களா? வெயில் நாளில் நன்றாகக் காயும் கருவாடு, மழை நாளில் காயவே காயாது. உங்கள் வீட்டுக் கொடியில் போட்ட சீருடையும் அப்படித்தான். மறுநாள் காலையிலும் ஈரம் போகாமல் வாடை அடிக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், துணியில் உள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை.

'கருவாட்டுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

ஓடும்போது உடம்பு சூடாகிறது, வியர்க்கிறது. அந்த வியர்வை கீழே சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை. தோலின் மேல் ஆவியாகும்போதுதான் சூட்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலோரப் பகுதிகள். அங்கே காற்றில் எப்போதும் ஈரம் அதிகம். மழைக்கு முந்தைய புழுக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ஓடினால் சட்டை தொப்பலாக நனையும். உடம்புச் சூடு மட்டும் லேசில் இறங்காது.

'நிறைய வியர்த்தால்தான் நல்ல பயிற்சி' என்று சிலர் நினைக்கிறார்கள். வியர்ப்பதற்காகவே சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை வீரம் என்கிறார்கள். இரண்டுமே தவறு.

ஒரே ஒரு 100 மீட்டர் ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்குப் புழுக்கம் பெரிய தடை இல்லை. அதையே மூச்சு வாங்க இடைவெளி விடாமல் பத்து முறை, பதினைந்து முறை ஓடும்போதுதான் ஆபத்து வருகிறது. ஆகவே புழுக்கமான நாளில் ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நடுவில் நிழலில் கூடுதலாக ஓய்வு எடுங்கள். தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ அவ்வப்போது குடியுங்கள்.

தலை சுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிறுத்தி, பி.டி. சாரிடம் சொல்லுங்கள். நண்பன் யாராவது உளறினாலோ மயங்கி விழுந்தாலோ நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு, 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

பாதியில் நிறுத்துவது கேவலம் என்று நினைக்காதீர்கள். 2019-ல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெப்பத்துக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். அப்படியும் புழுக்கம் தாங்காமல், ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். அவர்கள் கோழைகளா? இல்லவே இல்லை. உலகின் சிறந்த வீராங்கனைகள் அவர்கள்!

சரி, மழையே கொட்டினால்? 2013-ல் மாஸ்கோவில் கொட்டும் மழையில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.77 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஆனால் அவர் ஓடியது செயற்கைத் தடத்தில். நம் மைதானம் மண் தரை. மழை பெய்தால் சேறு. அதில் முழு வேகத்தில் ஓடினால் வழுக்கிவிடும். இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம்.

மைதானத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் மட்டும் ஓடாதீர்கள். பள்ளி வராந்தாவில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து, முழங்காலை உயர்த்தி நின்ற இடத்திலேயே ஓடலாம். கை வீச்சைச் சரி செய்யலாம். விசில் சத்தத்துக்குச் சட்டென்று எழுந்து இரண்டே அடி வைத்துப் பழகலாம்.

இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைக்கிறீர்களா? கேரளாவில் பய்யோலி என்ற கடலோர ஊரில், நம்பியார் என்ற பயிற்சியாளரிடம் பயின்றவர் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் வென்றவருக்கு 55.41 விநாடி. நூற்றில் ஒரு விநாடியில் பதக்கம் போனது! கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான அந்தச் சின்ன நேரத்தை, மழை நாளில் வராந்தாவில் நின்றும் சேமிக்கலாம்.

எனவே, மழை நாள் வீணான நாள் அல்ல. ஆனால் உடம்பு 'போதும்' என்று சொன்னால் கேளுங்கள். 'தலை சுத்துது சார்' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும். இன்று நிறுத்தத் தெரிந்தவர்தான் நாளைக்கும் ஓடுவார்.

ஓடுங்கள், வெல்லுங்கள்!