சுங்கச்சாவடியும் பேறுகாலமும்

பிள்ளைத்தாய்ச்சி எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வீடு நிறைய ஆளுண்டு, குங்குமப்பூவில் ஆரம்பித்துவிடுவார்கள். எதைச் சுவாசிக்கிறாள் என்று கேட்கத்தான் நாதியில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளில், நம் ஃபாஸ்டேக்குக்கு மூத்த அக்காவான ‘ஈசி பாஸ்’ வந்தது. வரிசையில் நின்று புகை கக்கிய வண்டிகள் நிற்காமல் போயின. அங்கே பிறந்த குழந்தைகளின் பதிவுகளை ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற பொருளியலாளர்கள் புரட்டினார்கள். 2011இல் வெளியான முடிவு இது: சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம், அதே சாலையோரம் தள்ளி வசித்தவர்களோடு ஒப்பிட்டால், குறைப்பிரசவம், அதாவது 37 வாரம் நிறையுமுன் பிறப்பது, சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை, குழந்தைகளை நினைத்து யாரும் ஈசி பாஸைக் கொண்டுவரவுமில்லை, நெரிசல் தீர்ந்தால் போதும் என்றுதான் கொண்டுவந்தார்கள். இதற்குப் பிறகும் கர்ப்பிணியிடம் ‘முகக்கவசம் போட்டுக்கொள்ளம்மா’ என்பது கைகழுவும் வேலை. காற்றைச் சுத்தமாக்குவது அரசின் பொறுப்பு. காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு (PM2.5) உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியா வைத்திருப்பது 40.