தாத்தாவைத் தேடும் தோட்டப் பேரேடுகள்

யட்டியாந்தோட்டையின் ரப்பர் மலைகளிலோ பலாங்கொடைத் தேயிலைத் தோட்டங்களிலோ கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுபவர், குடிசன மதிப்பீட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியத் தமிழரைத் தனி இனமாகப் பிரித்து எண்ணியது. ஆனால் அச்சான அறிக்கையில் இருப்பது தொகைதான், பெயர் இல்லை.

பெயர் கிடைப்பது வேறு தாள்களில். தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பேரேடு, பிறப்பு, இறப்புப் பதிவுகள், கோயில், தேவாலயக் குறிப்புகள். சில வீடுகளின் தகரப்பெட்டியில் பழைய ‘டின் டிக்கெட்’டும் இருக்கலாம்: தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்து, கழுத்தில் மாட்டிவிட்ட சின்னத் தகடு.

இந்தத் தேடல் வெறும் குடும்பப் பாசம் அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தந்தை இங்கு பிறந்ததற்கு, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயம் என்னும் தோட்ட வரிசைவீடுகளில் பிறந்தவர்களுக்கு அந்தச் சான்று எங்கே இருந்தது? ஒரு பதிவு இல்லாததால் ஒரு தலைமுறையே நாடற்றதானது.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றமும் பழைய ஏடுகளுக்கு ஆபத்து. இரத்தினபுரியின் மழையும் வெள்ளமும் காகிதத்துக்கு இரங்காது.

எஞ்சிய செக்ரோல்களைத் தேசிய சுவடிக்கூடம் படியெடுத்து, குடும்பங்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும். தோட்டக் கம்பனிகள் அதற்கு இப்போதே இடம் கொடுக்க வேண்டும்.