மூலையில் உட்காரவா முழங்கால்?

‘மூட்டு தேய்ந்ததா? முற்பிறவிப் பயன்!’ என்றார்கள் முன்பு. ‘வயதாகிவிட்டது, இனி மூலைதான்!’ என்கிறார்கள் இப்போது. முன்னதைச் சொன்னவன் புராணப் பிரசங்கி. பின்னதைச் சொல்பவன், வெட்கத்தோடு எழுதுகிறோம், நம் வீட்டுப் பிள்ளை!

குனிந்து நாற்று நட்டவள். குந்தியிருந்து பாத்திரம் துலக்கியவள். செங்கல் சுமந்து சாரம் ஏறியவள். இன்று, மகள் வேலைக்குப் போகப் பேரனைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடை வரிசையிலும் நிற்பவள். அந்தக் கிழவியின் கால் நின்றால் ஒரு குடும்பத்தின் வருவாயே நொண்டும்! அறிவார்களா மாளிகைவாசிகள்?

அறிவியல் கைகொடுத்தது. 1962 இல், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், ஜான் சார்ன்லி எனும் மருத்துவர், உலோகத்தையும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கையும் இணைத்து இடுப்பு மூட்டு பொருத்தினார். அதற்குமுன் அவர் பயன்படுத்திய டெஃப்லான் தேய்ந்து தோற்றது. தலைவிதி என்று கைகட்டி நின்றாரா? இல்லை, வேறு பொருள் தேடினார்! முழங்காலுக்கும் அதே வழிதான்: தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகம் பொருத்தி, இடையே அந்தப் பிளாஸ்டிக்.

விலை? சராசரி 1,58,324 ரூபாயாக இருந்த கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு, 2017 ஆகஸ்டில் 54,720 ரூபாய், வரி தனி, என்று உச்சவரம்பு கட்டினார்கள். அதுவரை அந்த மிச்ச இலட்சம் எவர் பைக்குப் போயிற்று? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் முழங்கால் மாற்று இடம்பெற்றது, ஏழைக்கும் எட்டியது.

அறுவை முடிந்தது. போதுமா? பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்!

அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். கொடுமை அல்ல, படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், தொடைத் தசை வற்றும். வீடு திரும்பியபின் முதல் சில வாரங்கள்தாம் உயிர்நாடி. காலை முழுதும் நீட்டவும், தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கவும் நாள்தோறும் பழக்க வேண்டும். வலிக்கும். ‘ஐயோ, பாட்டி முனகுகிறாளே, விட்டுவிடு’ என்று தடுக்கிறதே ஓர் அன்பு, அதுதான் முட்டியை விறைக்க வைக்கும் அன்பு! கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் கண்டாலோ, எண்ணெய் தேய்த்துக் கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். குந்தும் கழிப்பறை ஆகாது. வாடகை வீட்டில் வேறு வழியில்லையா, நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இன்னொரு வகைக் கிழவியும் உண்டு. மூன்றாம் வாரமே தண்ணீர்க் குடம் தூக்கப் புறப்படுகிறவள்! பறிக்க வேண்டியது குடத்தை, நடையை அல்ல. மூத்திரச் சட்டியோடு, 94 வயதில், 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் மேடையேறிய பெரியாரின் வழிவந்தவர்களா, ‘கிழவிக்கு எதற்கு நடை’ என்பது?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது. மூட்டு மாற்றிய ஏழை எவரும் அந்தச் சிகிச்சைக்கு வெளியே நிற்கக் கூடாது. கேட்டுப் பெறுவது நம் வேலை. தோழர்களே! உங்கள் கிளைக்குட்பட்ட தெருக்களில் அறுவை முடிந்து திரும்பியோர் எவரெவர் என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லுங்கள். பாட்டி தேறும்வரை பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல, கிளைத் தோழர் ஒருவர் காலை எட்டரை மணிக்கு அந்த வாசலில் சைக்கிளோடு நிற்கட்டும்.